பாலம் கட்டியவர்கள்: மின்னஞ்சல் உலகம் ஒன்றான கதை

1970-களின் கடைசி ஆண்டுகள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'இங்க்ரெஸ்' என்றொரு தரவுத்தள ஆய்வுக்குழு இருந்தது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வோங்கும் தொடங்கிய குழு அது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் இணைப்பு அந்தக் குழுவின் கணினிக்கு இருந்தது. துறையின் மற்றக் கணினிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் பேராசிரியர்களும் மாணவர்களும் இங்க்ரெஸ் கணினியில் தங்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். கணினி ஒன்று, அதற்குள் நுழையும் கம்பிகள் சில, கேட்பவர்களோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

குழுவில் வேலைபார்த்த எரிக் ஆல்மன் என்ற இளைஞர் இந்தக் கூட்டத்தைப் பார்த்து ஒன்றைப் புரிந்துகொண்டார். வந்து நிற்பவர்களுக்கு இங்க்ரெஸ் கணினியின்மேல் எந்த ஆசையும் இல்லை. தொலைவில் இருக்கும் சகாக்களுக்கு மடல் எழுத வேண்டும், அவர்கள் எழுதுவதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அவரவர் மேசையில் இருக்கும் கணினிக்கே மடல் வந்து சேர்ந்துவிட்டால் யாரும் இடம் மாற வேண்டியதில்லை.

இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது ஒரு மென்பொருள். அலுவலகங்களில் இன்றும் வாரக்கணக்கில் நடக்கும் ஒரு விவாதத்துக்கு முதல் விடையும் அதுதான். இரண்டு நிறுவனங்கள் இணைகின்றன. ஒன்றில் ஒரு மின்னஞ்சல் மென்பொருள், மற்றொன்றில் இன்னொன்று. எல்லாரையும் ஒரே மென்பொருளுக்குக் குடிபெயர்ப்பதா, இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவதா? மின்னஞ்சலின் வரலாற்றைப் புரட்டினால் பெரிய திருப்பங்கள் அநேகமும் இரண்டாவது வழியை எடுத்தவர்களால் நடந்திருப்பது தெரியும்.

அன்றைய பெர்க்லியில் மூன்று வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தன. ஒன்று ஆர்ப்பாநெட். அதில் 1971-இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க @ குறியைப் பயன்படுத்தியிருந்தார். இரண்டாவது வளாகத்துக்குள் மட்டும் ஓடிய 'பெர்க்நெட்'. அதை எழுதிய ஆராய்ச்சி மாணவர் எரிக் ஷ்மிட், பிற்காலத்தில் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனவர். மூன்றாவது, பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் உருவாக்கிய 'யுயுசிபி'. ஒரு யூனிக்ஸ் கணினி இன்னொன்றைத் தொலைபேசியில் அழைத்து மடல்களைக் கைமாற்றும் ஏற்பாடு அது.

மூன்றுக்கும் மூன்று விதமான முகவரி. மதுரை என்ற பெயருள்ள கணினியில் குமார் என்பவருக்குக் கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்ப்பாநெட் அவரைக் குமார்@மதுரை என்று எழுதும். பெர்க்நெட் மதுரை:குமார் என்று எழுதும். யுயுசிபியோ மதுரை!குமார் என்று எழுதும். யுயுசிபியில் இன்னொரு சிக்கலும் உண்டு: மடல் எந்தெந்தக் கணினி வழியாகப் போக வேண்டும் என்பதையும் அனுப்புபவரே எழுதித் தர வேண்டும். சேலம்!திருச்சி!மதுரை!குமார் என்று ஊர் ஊராகச் சொன்னால்தான் மடல் நகரும். வழியில் ஓர் ஊரின் பெயர் தவறினால் மடல் போய்ச் சேராது.

ஆல்மன் முதலில் எழுதியது 'டெலிவர்மெயில்'. 1979 வாக்கில் பெர்க்லியின் யூனிக்ஸ் வெளியீட்டோடு அது பரவியது. முகவரியில் இருக்கும் குறியைப் பார்த்து இது எந்த வலையமைப்புக்கு உரியது என்று முடிவுசெய்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். அடுத்து, 1983-இல் 'சென்ட்மெயில்' வந்தது. ஒரு வலையமைப்பின் முகவரியை இன்னொன்றின் வழக்கத்துக்கு மாற்றி எழுதும் விதிகளை, நிரலுக்குள் புதைக்காமல் தனியாக ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. புதிதாக ஒரு வலையமைப்பு முளைத்தால் அந்தக் கோப்பில் சில வரிகளைச் சேர்த்தால் போதும்.

தன் வடிவமைப்பைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியபோது ஆல்மன் தான் வகுத்துக்கொண்ட எல்லைகளைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மடல் படிக்கும் மென்பொருளை மாற்றுவதில்லை. மடல் சேமிக்கும் பெட்டியை மாற்றுவதில்லை. உலகம் சென்ட்மெயிலுக்கு ஏற்ப மாற வேண்டியதில்லை, சென்ட்மெயில்தான் உலகத்துக்கு ஏற்ப வளைய வேண்டும். ஒரு தனி ஆளாக உட்கார்ந்து எழுதுபவருக்கு வேறு வழி இல்லை என்பதும் இதற்குக் காரணம். எல்லாரையும் மாறச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அதிகாரம் இல்லாதவரின் பணிவு ஒரு பெரும் பொறியியல் கொள்கையாக ஆனது இப்படித்தான்.

அந்தக் கொள்கைக்கு விலையும் இருந்தது. எல்லா வலையமைப்புகளின் முரண்பாடுகளையும் ஒரே கோப்பு சுமந்ததால், சென்ட்மெயிலின் விதிக்கோப்பு புதியவர்களுக்குப் புரியாத குறிகளின் குவியலாகத் தெரிந்தது. அதை விளக்க ஓரெய்லி பதிப்பகம் வெளியிட்ட, அட்டையில் வௌவால் படம் போட்ட நூல் அடுத்தடுத்த பதிப்புகளில் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தைத் திணறடித்த 'மோரிஸ் புழு' என்ற தீநிரல், உள்ளே நுழையப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்றும் சென்ட்மெயிலில் இருந்ததுதான். எல்லாரும் கடக்கும் பாலத்தில் ஒரு விரிசல் விழுந்தால் எல்லா ஊருக்கும் ஆபத்து.

1980-களில் வலையமைப்புகள் குறையவில்லை, பெருகின. 1981-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தையும் யேல் பல்கலைக்கழகத்தையும் இணைத்து 'பிட்நெட்' தொடங்கியது. ஆர்ப்பாநெட்டில் இடம் கிடைக்காத கணினித் துறைகளுக்காக லாரி லாண்ட்வெபர் முயற்சியில் 'சிஎஸ்நெட்' வந்தது. டெக் நிறுவனத்தின் கணினிகள் இரட்டை முக்காற்புள்ளியைப் பயன்படுத்தின. ஐபிஎம் உலகம் தனி. 1989 வாக்கில் டோனலின் ஃப்ரே, ரிக் ஆடம்ஸ் இருவரும் எழுதிய முகவரி வழிகாட்டி நூலின் தலைப்பே !%@:: என்ற குறிகளோடுதான் தொடங்கியது. எந்த வலையமைப்பிலிருந்து எந்த வலையமைப்புக்கு எப்படி மடல் அனுப்புவது என்பதைச் சொல்ல ஒரு புத்தகமே தேவைப்பட்ட காலம்.

அந்தப் புத்தகத்தைத் தேவையில்லாமல் ஆக்கிய வேலையில் ஒரு சிறு ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1986 ஜனவரியில் கிரேக் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்எஃப்சி 974 என்ற ஆவணம், இணையப் பெயர்ப்பட்டியலில் 'எம்எக்ஸ்' என்ற ஒரு பதிவை எப்படிப் பயன்படுத்துவது என்று வகுத்தது. இந்தப் பெயருக்கு வரும் மடலை எந்தக் கணினியிடம் ஒப்படைப்பது என்பதை அந்தப் பதிவு சொல்லும். இதன் பொருள் மிகப் பெரியது. இணையத்தில் நேரடியாக இல்லாத ஒரு நிறுவனம்கூட இணையப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அதன் மடலை இணையத்தில் உள்ள ஒரு நண்பர் கணினி வாங்கி வைத்து, உள்ளே தொலைபேசி வழியாகவோ வேறு வழியாகவோ அனுப்பிவிடும். அனுப்புபவர் @ குறியோடு ஒரு முகவரியை எழுதினால் போதும். அந்தப் பக்கம் எந்த மென்பொருள் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

வணிக அஞ்சல் சேவைகள் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. 1989-இல் விண்ட் செர்ஃப் முயற்சியால் 'எம்சிஐ மெயில்' இணையத்தோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டு, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் வழியாக 'கம்ப்யுசர்வ்' இணைந்தது. கம்ப்யுசர்வ் பயனர்களின் அடையாளம் நடுவில் காற்புள்ளி உள்ள ஓர் எண். இணைய முகவரியில் காற்புள்ளிக்கு வேறு பொருள் இருந்ததால் அந்த இடத்தில் புள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். லட்சக்கணக்கானவர்களைப் புதிய சேவைக்கு மாற்றுவதற்குப் பதிலாக ஒரு காற்புள்ளியை மாற்றினார்கள்.

இந்தியாவின் முதல் கல்வி வலையமைப்பும் இதே பாடத்தில்தான் வளர்ந்தது. 1986-இல் மின்னணுத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தொடங்கிய 'எர்நெட்'டில் சென்னை ஐஐடி உள்ளிட்ட ஐந்து ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பங்கேற்றன. மும்பை மையத்தின் இயக்குநராக இருந்தவர் ஸ்ரீனிவாசன் ரமணி. பின்னாளில் இணையப் புகழரங்கத்தில் இடம்பெற்றவர். தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பி வழியே யுயுசிபி மடல்கள் போயின. மும்பை மையம் வெளிநாட்டுக்கான வாசலாக இருந்தது. எர்நெட்டின் முதுகெலும்பில் அமெரிக்க வழக்கான டிசிபி/ஐபியும் சர்வதேசத் தர அமைப்பின் ஓஎஸ்ஐயும் ஒருசேர ஓடின. எது வெல்லும் என்று தெரியாத காலத்தில் இரண்டையும் ஓடவிட்டார்கள். 1995 வாக்கில் பெரும்பாலான போக்குவரத்து டிசிபி/ஐபிக்கு வந்து சேர்ந்தது.

எதிர்த்திசையில் நடந்த முயற்சியையும் பார்க்க வேண்டும். அரசுத் தொலைத்தொடர்புத் துறைகளின் சர்வதேச அமைப்பான சிசிஐடிடி 1984-இல் 'எக்ஸ்.400' என்ற அஞ்சல் தரத்தை வெளியிட்டது. ஒப்புகைச் சீட்டு, பன்மொழி, படம் என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து வகுத்த தரம் அது. ஆனால் அது உலகத்தையே தன் பக்கம் வரச் சொன்னது. முகவரியில் நாடு, பொது நிர்வாகத் துறை, தனியார் துறை, நிறுவனம், குடும்பப் பெயர், இயற்பெயர் எனத் தனித்தனிக் கட்டங்களை நிரப்ப வேண்டும். முகவரி அட்டையில் ஒரு வரியில் அடங்காத முகவரி.

அங்கும் பாலம் கட்டியவர் ஒருவர் இருந்தார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஸ்டீவ் கில் 1986-இல் ஆர்எஃப்சி 987-ஐ எழுதினார். எக்ஸ்.400 மடலை இணைய மடலாகவும் இணைய மடலை எக்ஸ்.400 மடலாகவும் மாற்றும் விதிகள் அவை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இரு வழக்கங்களில் நின்ற ஆண்டுகளில் ஆய்வாளர்களின் மடல்கள் இத்தகைய விதிகளால்தான் அட்லாண்டிக்கைக் கடந்தன. எக்ஸ்.400 பொதுமக்களின் மின்னஞ்சல் ஆகவில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் செய்திப் பரிமாற்றத்தில் அதன் வழித்தோன்றல் இன்றும் வேலைசெய்கிறது.

எல்லாவற்றிலும் அழகான பாலம் 1992-இல் வந்தது. அதுவரை இணைய மடலில் ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும் மட்டும் போகும். படமோ ஒலியோ பிரெஞ்சு எழுத்தோ தமிழ் எழுத்தோ நேரடியாகப் போகாது. தீர்வுக்கு இரண்டு வழிகள் இருந்தன. உலகத்தின் எல்லா அஞ்சல் சர்வர்களையும் புதிதாக மாற்றலாம். அல்லது பழைய சர்வர்களுக்கே தெரியாமல் அவற்றின் வழியாகப் புதியதை அனுப்பலாம். பெல்கோர் நிறுவனத்தின் நதேனியல் போரென்ஸ்டைனும் இன்னோசாஃப்ட் நிறுவனத்தின் நெட் ஃப்ரீடும் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். ஃப்ரீடின் தொழிலே வெவ்வேறு அஞ்சல் அமைப்புகளுக்கு இடையே 'கேட்வே' எனும் மாற்றி மென்பொருள் எழுதுவதுதான். எந்தக் கேட்வே எந்த எழுத்தைச் சிதைக்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

அந்த அனுபவம் 'மைம்' தரத்தின் ஒவ்வொரு முடிவிலும் தெரிகிறது. எந்தக் கோப்பையும் 64 குறிகளால் எழுதிவிடும் 'பேஸ்64' முறைக்கு அவர்கள் ஏற்றுக்கொண்ட குறிகள், ஐபிஎம்மின் பெருங்கணினிகள் பயன்படுத்திய வேறு எழுத்துக் குறியேற்றத்துக்குப் போய்த் திரும்பினாலும் மாறாதவை. மூன்று பைட்டுகள் நான்கு குறிகளாகும். இன்றைய யுடிஎஃப்-8 முறையில் தமிழின் 'அ' மூன்று பைட்டுகள். பேஸ்64-இல் அது நான்கு குறிகளாக மாறி, தமிழே அறியாத சர்வர்களைக் கடந்து, மறுமுனையில் மறுபடி 'அ' ஆகும். 'கி' ஆறு பைட்டுகள், எட்டுக் குறிகள். தமிழில் மடல் எழுதும் எவருக்கும் இந்த இரண்டு பேரிடம் ஒரு கடன் இருக்கிறது.

1992 மார்ச் 11 அன்று போரென்ஸ்டைன் முதல் மைம் இணைப்பை அனுப்பினார். அவரும் நண்பர்களும் இருந்த நால்வர் பாடகர் குழுவின் படமும் அவர்கள் பாடிய ஒலியும் அதில் இருந்தன. மடலில் படம் எதற்கு என்று கேட்டவர்களிடம், ஒருநாள் எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள், அவர்களின் படம் எனக்கு மடலில் வர வேண்டும் என்று அவர் சொல்வாராம். அந்த நாள் அவருக்கு வந்தது.

அலுவலகங்களின் கதை இதைவிடக் கடினமானது. அங்கே மடலோடு நாட்காட்டி, கூட்ட அழைப்பு, முகவரிப் பட்டியல், கோப்பு, ஒப்புதல் படிவம் எல்லாம் பின்னிக் கிடந்தன. அந்தப் பின்னலை முதலில் பெரிய அளவில் உருவாக்கியது 'லோட்டஸ் நோட்ஸ்'. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 'பிளேட்டோ' கணினியில் மாணவராகப் பழகிய ரே ஆஸி, அங்கே கண்ட குறிப்புப் பலகையின் நினைவோடு 1984-இல் ஐரிஸ் அசோசியேட்ஸைத் தொடங்கினார். லோட்டஸ் நிறுவனம் பணம் கொடுத்தது. 1989 டிசம்பரில் நோட்ஸ் வெளியானது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காய்வு நிறுவனம் 10,000 பிரதிகளை ஒரேயடியாக வாங்கியது.

நோட்ஸில் மடல் ஒரு பகுதி மட்டும். விடுப்பு விண்ணப்பம், வாடிக்கையாளர் புகார், கொள்முதல் ஒப்புதல் என்று ஒவ்வோர் அலுவலகமும் தன் வேலைகளுக்கான சிறு செயலிகளை அதற்குள்ளேயே எழுதிக்கொண்டது. ஆண்டுகள் போகப் போக அவை நூற்றுக்கணக்கில் குவிந்தன. எழுதியவர் ஓய்வுபெற்ற பின்னும் செயலி ஓடிக்கொண்டிருக்கும். 1995-இல் ஐபிஎம் லோட்டஸை 350 கோடி டாலருக்கு வாங்கியதன் முதன்மைக் காரணம் நோட்ஸ்தான்.

1996-இல் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்சேஞ்ச்' சர்வரை வெளியிட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவுட்லுக் வந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் நீண்ட போட்டி தொடங்கியது. கவனிக்க வேண்டிய செய்தி இது: 1997-இல் வந்த எக்ஸ்சேஞ்ச் 5.5-இல் லோட்டஸ் நோட்ஸுக்கும் லோட்டஸின் சிசி:மெயிலுக்கும் ஐபிஎம்மின் பழைய 'புரோஃப்ஸ்' அமைப்புக்கும் தனித்தனி இணைப்பிகள் இருந்தன. போட்டியாளரின் இடத்தைப் பிடிக்க வந்தவருக்கும் போட்டியாளரோடு பேசாமல் ஓர் அலுவலகத்துக்குள் கால்வைக்க முடியவில்லை. லோட்டஸும் இதை அறிந்திருந்தது. வெவ்வேறு அஞ்சல் அமைப்புகளை இணைக்கும் மென்பொருளையே தொழிலாக வைத்திருந்த பென்சில்வேனியாவின் 'சாஃப்ட்-ஸ்விட்ச்' நிறுவனத்தை அது 1994-இலேயே வாங்கியிருந்தது. பிற்காலத்தில், அவுட்லுக்கை விட மனமில்லாத ஊழியர் அவுட்லுக் திரையிலேயே நோட்ஸின் சர்வரான டாமினோவின் மடலைப் படிக்க உதவும் மென்பொருளையும் ஐபிஎம் கொடுத்தது.

இரண்டும் ஒரே அலுவலகத்தில் ஓடும் நிலையைத் தொழில்நுட்பத் துறையினர் 'கோஎக்ஸிஸ்டென்ஸ்' என்பார்கள். எழுத்து மடல் பாலத்தைக் கடப்பதில் சிக்கல் இல்லை. மற்றவைதான் நடுவழியில் உடைந்தன. நோட்ஸில் இருந்து போன கூட்ட அழைப்பு அந்தப் பக்கம் வெறும் எழுத்தாகத் தெரியும். 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் இருக்காது. ஒருவர் எந்த நேரத்தில் ஓய்வாக இருக்கிறார் என்பது மறுபக்கத்துக்குத் தெரியாது. ஓர் ஆவணத்துக்கு நோட்ஸில் வைத்த சுட்டி அவுட்லுக்கில் திறக்காது. அவுட்லுக் தனக்கே உரிய வடிவில் கட்டிய பொதியோ மற்ற மென்பொருள்களில் 'வின்மெயில்.டாட்' என்ற பெயரில், அவற்றால் திறக்க முடியாத கோப்பாக வந்து நிற்கும். அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்காத பழைய அலுவலக ஊழியர் இருக்க மாட்டார்.

நாட்காட்டிச் சிக்கலைத் தீர்த்தவர்கள் யார் என்பதுதான் இந்தக் கதையின் மிக நிறைவான பகுதி. 1998 நவம்பரில் 'ஐகேலண்டர்' தரம் ஆர்எஃப்சி 2445-ஆக வெளிவந்தது. அதன் முகப்பில் இருந்த ஆசிரியர் பெயர்கள் இரண்டு. ஒருவர் லோட்டஸின் ஃபிராங்க் டாசன். மற்றவர் மைக்ரோசாஃப்ட்டின் டெரிக் ஸ்டெனர்சன். விற்பனைக்காரர்கள் சந்தையில் மோதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இரு தரப்பின் பொறியாளர்களும் ஒரே ஆவணத்தை எழுதினார்கள். இன்று விமானச் சீட்டோடும் மருத்துவமனை நேரக்குறிப்போடும் வரும் நாட்காட்டிக் கோப்பு அந்த ஆவணத்தின் வாரிசு. 2007-இல் ஆப்பிள், ஆரக்கிள் பொறியாளர்கள் பங்கேற்று எழுதிய 'கால்டேவ்' தரம், நாட்காட்டிகளை சர்வரிலேயே பகிர்ந்துகொள்ள வழிசெய்தது.

எல்லாப் பாலங்களும் இருபக்கச் சம்மதத்தோடு எழவில்லை. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991 இறுதியில், பிசி கணினிகளோடு யூனிக்ஸ் சர்வர் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். பின்னாளில் அதன் பெயர் 'சாம்பா'. மைக்ரோசாஃப்ட்டின் நெறிமுறைக்கு முழு விளக்கம் அவர் கையில் இல்லை. அவர் பின்பற்றிய வழியை ஒரு பிரெஞ்சு உணவகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: மொழி தெரியாதவர் பக்கத்து மேசையில் என்ன சொல்கிறார்கள், அதற்கு என்ன வருகிறது என்று கேட்டுக்கேட்டே மொழியைக் கற்பதுபோல, கம்பியில் போகும் செய்திகளைக் கவனித்தே நெறிமுறையைக் கற்பது. சாம்பாவினால், அலுவலகத்தின் விண்டோஸ் கணினிகளை ஒன்றும் செய்யாமல் பின்னால் இருக்கும் சர்வரை மட்டும் லினக்ஸாக வைத்துக்கொள்ள முடிந்தது.

மின்னஞ்சலிலும் இதே முயற்சி நடந்தது. மிகுவேல் டி இகாசாவும் நாட் ஃப்ரீட்மனும் தொடங்கிய 'சிமியன்' நிறுவனம், லினக்ஸ் மேசைக் கணினியில் ஓடும் 'எவல்யூஷன்' அஞ்சல் மென்பொருளை எக்ஸ்சேஞ்ச் சர்வரோடு இணைக்கும் இணைப்பியை 2001 டிசம்பரில் அறிவித்தது. எக்ஸ்சேஞ்சின் உள்மொழி தெரியாததால் அது வேறு வாசலைப் பயன்படுத்தியது: உலாவியில் மடல் படிக்க மைக்ரோசாஃப்ட்டே திறந்துவைத்திருந்த வழி. நிறுவனத்தை வாங்கிய நோவெல் 2004-இல் அந்த இணைப்பியின் மூல நிரலைத் திறந்துவிட்டது.

அதே 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, போட்டியாளர்களின் சர்வர்கள் விண்டோஸோடு பேசத் தேவையான தகவல்களைத் தரும்படி உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் 2007 செப்டம்பரில் அந்த உத்தரவு நிலைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில், 10,000 யூரோ செலுத்தி சாம்பா தரப்பு நெறிமுறை ஆவணங்களைப் பெற்றது. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் 30,000 பக்கங்களுக்கு மேற்பட்ட நெறிமுறை விளக்கங்களை இணையத்தில் எவரும் படிக்கும்படி வைத்தது. எக்ஸ்சேஞ்சின் விளக்கங்களும் பின்தொடர்ந்தன. பிரெஞ்சு உணவகத்தில் ஒட்டுக்கேட்டுக் கற்றவர்களுக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து அகராதி கிடைத்தது.

இதற்கிடையில் கைபேசி வந்து இன்னொரு பாலத்தை வற்புறுத்தியது. எக்ஸ்சேஞ்சையும் கைபேசியையும் இணைக்கும் 'ஆக்டிவ்சிங்க்' நெறிமுறைக்கு மைக்ரோசாஃப்ட் மற்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. 2008-இல் ஐஃபோன் அதைப் பெற்றது. 2009-இல் கூகுள் அதன் உரிமத்தை வாங்கித் தன் சேவையில் வைத்தது. அதே ஆண்டு, அவுட்லுக்கை விடாமலே கூகுள் அஞ்சலுக்கு வர உதவும் இணைப்பியையும் கூகுள் வெளியிட்டது. ஊழியர் பழகிய திரையைப் பிடுங்கினால் அவர் புதிய சர்வரையும் வெறுப்பார் என்பதை இந்த நிறுவனங்கள் எல்லாம் பட்டுத்தான் அறிந்தன.

உடனடி உரையாடல் மென்பொருள்களின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1999 ஜூலையில் மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் மெசஞ்சர், ஏஓஎல் நிறுவனத்தின் உரையாடல் சேவைப் பயனர்களோடு பேசும் வசதியோடு வந்தது. ஏஓஎல் அந்தக் கதவை அடைத்தது. மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் நுழைந்தது, ஏஓஎல் மறுபடி அடைத்தது. பல சுற்றுகளுக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. ஜெரமி மில்லர் 1999-இல் அறிவித்த 'ஜாபர்' திட்டத்திலிருந்து வளர்ந்த திறந்த நெறிமுறையை ஏற்ற கூகுள் டாக், 2006-இல் மற்ற சேவைகளோடு இணைந்தது. 2013-இல் கூகுளின் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவும் மூடத் தொடங்கியது.

விளைவை இன்றைய ஊழியர் ஒவ்வொரு நாளும் அனுபவிக்கிறார். ஒரு வாடிக்கையாளர் ஸ்லாக்கில், இன்னொருவர் டீம்ஸில், மூன்றாமவர் வாட்ஸப்பில். மூன்று செயலிகளையும் திறந்துவைத்து மாறிமாறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1983-இல் ஆல்மன் தீர்த்த சிக்கல், உரையாடலில் இன்னும் தீராமல் கிடக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் டீம்ஸை அலுவலகத் தொகுப்போடு சேர்த்து விற்பதாக ஸ்லாக் 2020 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2022-இல் இயற்றப்பட்ட ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், பெரிய உரையாடல் சேவைகள் மற்றவற்றோடு இணைய வழிதர வேண்டும் என்கிறது. பொறியாளர்கள் கைகுலுக்கிச் செய்த வேலையை இப்போது சட்டம் செய்யப் பார்க்கிறது.

நோட்ஸின் முடிவைப் பலர் பலமுறை எழுதிவிட்டார்கள். அது இன்னும் முடியவில்லை. 2018 டிசம்பரில் ஐபிஎம், நோட்ஸும் டாமினோவும் உள்ளிட்ட தன் மென்பொருள்களை இந்தியாவின் எச்சிஎல் நிறுவனத்துக்கு 180 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. 2019 நடுவில் கைமாற்றம் முடிந்தது. 1976-இல் எச்சிஎல்லைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் சிவ் நாடார், திருச்செந்தூர் அருகே மூலைப்பொழி கிராமத்தில் பிறந்து கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். இல்லினாயின் குறிப்புப் பலகையில் முளைத்த மென்பொருள் இப்படி ஒரு தமிழர் கட்டிய நிறுவனத்தின் கைக்கு வந்து சேர்ந்தது.

மாறவே கூடாது என்பது இந்த வரலாற்றின் தீர்ப்பு அன்று. சிசி:மெயில் போனது, பிட்நெட் போனது, போக வேண்டிய காலத்தில் போயின. ஆனால் அவற்றின் பயனர்கள் ஒருநாள்கூடத் தனித்துவிடப்படாமல் வந்துசேர்ந்ததற்கு நடுவில் நின்ற பாலங்கள் காரணம். அந்தப் பாலங்களைக் கட்டிய ஆல்மன், பார்ட்ரிட்ஜ், கில், ஃப்ரீட், டாசன், ஸ்டெனர்சன் பெயர்களைப் பெரிய நிறுவனங்களின் நிறுவனர்களைப் போல யாரும் அறிவதில்லை. கணினித் துறையின் வரலாற்றை எழுதுபவர்களும் கற்பிப்பவர்களும் இந்தப் பெயர்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாமினோ சர்வரில் எழுதி அனுப்பும் மடல் எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் விழுவதும், அங்கிருந்து வரும் பதில் திரும்பி வருவதும், 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821-இன் வழிவந்த நெறிமுறையில்தான் இன்றும் நடக்கிறது.